துவரம்பருப்புக்குப் பார்க்கும் விலை

டிமார்ட் கடைக்குள் நுழைகிறவர் யாரும் விலை பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. துவரம்பருப்பு தெருமுனைக் கடையைவிடக் கிலோவுக்கு எத்தனை ரூபாய் குறைச்சல், எண்ணெயை ஐந்து லிட்டர் கேனாக எடுத்தால் கட்டுப்படியாகுமா, சோப்பு மூன்று வாங்கினால் ஒன்று இனாமா என்று பார்ப்பதற்காகவே அந்தக் கடைக்குப் போகிறோம். அதே ஆள் வீட்டுக்கு வந்து, கைபேசியில் டீமேட் கணக்கைத் திறந்து, அதே கடையின் பங்கை வாங்கும்போது மட்டும், "நல்ல கம்பெனிக்கு விலை பார்க்கக் கூடாது சார்" என்கிறார். இருபது ரூபாய் மிச்சம் பிடிக்க பில் போடும் வரிசையில் அரைமணி நேரம் நின்றவர், ஐந்து லட்சத்தை ஒரே தட்டில் தட்டிவிடுகிறார்.

இந்தப் பேச்சை இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஜவுளி வியாபாரிகள், மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள் என்று நாலு பேர் காபியோடு உட்கார்ந்து பங்கு பேசும் இடங்களில் இன்று இதுதான் வேதவாக்கு. அதை அதன் பலமான வடிவத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் திரித்துவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது. வேகமாக வளரும் நல்ல நிறுவனத்தின் பங்கு எப்போது பார்த்தாலும் விலை அதிகமாகத்தான் தெரியும். இறங்கட்டும் என்று காத்திருப்பவன் கடைசிவரை காத்துக்கொண்டேதான் இருப்பான். ஆகவே கிடைத்த விலைக்கு வாங்கிப்போட்டு மறந்துவிடு, வளர்ச்சி போகப்போக விலையை விழுங்கிவிடும்.

முதல் வாக்கியம் பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைப் பத்து வருடம் முடக்கிப் போட்ட பொய். முதல் இரண்டிலும் மெய் கலந்திருப்பதால்தான் மூன்றாவது இவ்வளவு சுலபமாகத் தொண்டைக்குள் இறங்குகிறது.

பங்கை விட்டுவிட்டுக் கொஞ்சம் தோப்புக்கு வாருங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர், நல்ல காய்ப்பு. செலவெல்லாம் போக ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் நிற்கிறது. தோப்புக்காரர் கேட்கும் விலை இரண்டரைக் கோடி. என்ன செய்வீர்கள்? "தோப்பு அருமையான தோப்புங்க" என்று அவர் சொன்னால், "அதை யாருங்க இல்லைன்னாங்க?" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவீர்கள். போட்ட பணம் இன்றைய வருமானத்தில் திரும்பி வர 250 வருடம் ஆகும். வருமானம் கூடும் என்றே வைத்துக்கொண்டாலும், எவ்வளவு கூட வேண்டும், எத்தனை காலத்துக்குள் கூட வேண்டும் என்று கேட்காமல் எந்த விவசாயியும் முன்பணம் கொடுக்க மாட்டார். பங்குக்காரர்கள் பி.இ. என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான்: ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு எத்தனை ரூபாய் விலை. இரண்டரைக் கோடித் தோப்பின் பி.இ. 250.

இப்போது டிமார்ட். அதை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் நிறுவனத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, மரியாதைதான் உண்டு. ராதாகிஷன் தமானி 2002இல் மும்பையின் பவாய் பகுதியில் முதல் கடையைத் திறந்தார். கூடுமானவரை வாடகைக்குப் போகாமல் சொந்த இடம், சப்ளையருக்குச் சீக்கிரம் பணம், அதனால் கிடைக்கும் தள்ளுபடி, அந்தத் தள்ளுபடியில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்கு. ஆடம்பரம் கிடையாது. அவசரமும் கிடையாது, முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிதானமாகவே கடைகளைக் கூட்டினார்கள். 2017 மார்ச்சில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றபோது ஒரு பங்கின் விலை 299 ரூபாய். நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. சந்தையில் பட்டியலான முதல் நாளே 640 ரூபாயில் போய் நின்றது. 2021 அக்டோபரில் 5,900 ரூபாயை எட்டியது. நாலரை ஆண்டில் வெளியீட்டு விலையைப்போல் இருபது மடங்கு.

நம் நண்பர்கள் 'டிமார்ட்டைப் பார்' என்று விரல் நீட்டியது இந்த 2021இல்தான். நானும் பார்க்கத்தான் சொல்கிறேன், ஆனால் உற்றுப் பார்க்க வேண்டும்.

5,900 ரூபாய் விலையில் மொத்த நிறுவனத்துக்கும் சந்தை வைத்த மதிப்பு சுமார் 3.8 லட்சம் கோடி. 2020-21இல் அதன் நிகர லாபம் சுமார் 1,100 கோடி. அது கொரோனா ஆண்டு, கடைகள் மூடிக் கிடந்தன, அதை வைத்துக் கணக்குப் போடுவது நியாயமில்லை என்பார்கள். சரி, விட்டுவிடுவோம். அடுத்த ஆண்டு வரப்போகும் லாபத்தை ஜோசியர் முன்கூட்டியே காதில் சொல்லியிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அது 1,492 கோடி. அப்போதும் விலை, லாபத்தைப்போல் 255 மடங்கு. நம் தென்னந்தோப்பேதான்.

அந்த விலையில் வாங்குகிறவர் என்ன எதிர்பார்க்கிறார்? பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்குக் கூலியாக ஆண்டுக்கு 12 சதவீதமாவது வேண்டும் என்பது பேராசை ஆகாது. 12 சதவீதத்தில் பத்து வருடத்தில் பணம் 3.1 மடங்காகும். அப்படியானால் 2031இல் நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய 11.8 லட்சம் கோடியாக இருக்க வேண்டும். அதற்குள் கடை பெரிதாகி, வளர்ச்சி நிதானப்பட்டு, சந்தை லாபத்தைப்போல் 30 மடங்கு விலை கொடுக்கும் என்று வைப்போம். முதிர்ந்த மளிகைக் கடைக்கு 30 மடங்கு என்பது தாராளம். அந்தக் கணக்கில் ஆண்டு லாபம் 39,000 கோடிக்கு மேல் வர வேண்டும்.

39,000 கோடி லாபம் ஈட்ட எவ்வளவு விற்க வேண்டும்? மளிகையில் நூறு ரூபாய் விற்றால் கடைசியில் கையில் நிற்பது ஐந்து ரூபாய்க்குள்தான். டிமார்ட்டின் நிலவரமும் அதுவே. ஆக, விற்பனை சுமார் 8 லட்சம் கோடி. 2024-25இல் அதன் மொத்த விற்பனை 59,358 கோடி, மார்ச் முடிவில் கடைகள் 415. அதாவது கடைக்கு சுமார் 143 கோடி. அதே அளவில் விற்றால் 8 லட்சம் கோடிக்கு 5,500க்கும் மேற்பட்ட கடைகள் தேவை. விலைவாசி ஏற்றத்தால் ஒவ்வொரு கடையின் விற்பனையும் இரட்டிக்கும் என்று சலுகை கொடுத்தாலும் 2,800 கடைகள். 2021 மார்ச்சில் அவர்களிடம் இருந்தவை 234. முதல் கடையிலிருந்து அந்த 234க்கு வந்து சேர 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கணக்கில் உயர்கணிதம் ஏதும் கிடையாது. பெருக்கல், வகுத்தல், அவ்வளவுதான். 5,900 ரூபாய்க்கு அந்தப் பங்கை வாங்கிய ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, பத்தாண்டுக்குள் சில ஆயிரம் டிமார்ட்டுகள் முளைக்கும் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவர் எத்தனை பேர் என்பதே என் சந்தேகம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். நிறுவனம் சோடை போகவில்லை. 2021 மார்ச்சிலிருந்து நான்கு ஆண்டுகளில் 181 புதிய கடைகள் திறந்தது. விற்பனை 24,000 கோடியிலிருந்து 59,000 கோடியைத் தாண்டியது. லாபம் 1,100 கோடியிலிருந்து 2,707 கோடியானது, அதாவது ஆண்டுக்கு 25 சதவீத வளர்ச்சி. இந்தியாவில் இத்தனை பெரிய வியாபாரத்தை இந்த வேகத்தில் வளர்த்த நிர்வாகங்கள் குறைவு. பங்கு? 2025 மார்ச் முடிவில் 4,000 ரூபாயை ஒட்டி நின்றது. கடை வளர்ந்தது, லாபம் வளர்ந்தது, உச்சத்தில் வாங்கியவரின் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது.

வளர்ச்சி விலையை விழுங்கும் என்றீர்களே, இங்கே எது எதை விழுங்கியது?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு கல் என்னை நோக்கிப் பறந்து வரும். வரட்டும், அதை எறிய அவர்களுக்கு உரிமை உண்டு. "2017இல் 640 ரூபாய்க்கே விலை அதிகம் என்று சொன்ன ஆள்தானே நீங்கள்?" ஆமாம், நான்தான். முதல் நாள் விலையில் மொத்த மதிப்பு 40,000 கோடி, அந்த நிதியாண்டின் லாபம் 479 கோடி, 84 மடங்கு. ஒரு மளிகைக் கடைக்கு 84 மடங்கா என்று சிரித்தேன். என் பேச்சைக் கேட்டு வாங்காமல் விட்ட நண்பர் ஒருவர் இன்றும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், "சார், 640 ரூபாய்..." என்று ஆரம்பிப்பார். அங்கே வாங்கியவரின் பணம், இறங்கிய 4,000 ரூபாய் விலையிலும் ஆறு மடங்குக்கு மேல்.

என் தவறு எங்கே இருந்தது என்று பின்னால் தாளில் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன அதே கணக்கு: 40,000 கோடி பத்தாண்டில் 3.1 மடங்காக 1.24 லட்சம் கோடி, அதை 30ஆல் வகுத்தால் ஆண்டு லாபம் சுமார் 4,130 கோடி. 479 கோடியிலிருந்து அங்கே போக ஆண்டுக்கு 24 சதவீதம் வளர வேண்டும். கடினம்தான், ஆனால் நல்ல நிர்வாகம் எட்டக்கூடிய உயரம். உண்மையில் அந்த வேகத்தில் எட்டு ஆண்டுகள் போனால் லாபம் 2,680 கோடிக்கு வர வேண்டும். எட்டாவது ஆண்டில் டிமார்ட் ஈட்டியது 2,707 கோடி. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. 84 என்ற எண்ணைப் பார்த்தே மிரண்டுவிட்டேன், கணக்குப் போடவில்லை. 2021இல் 255 என்ற எண்ணைப் பார்த்தும் மிரளாதவர்களும் கணக்குப் போடவில்லை. 640 ரூபாய்க்கு நான் செய்ததும் 5,900 ரூபாய்க்கு அவர்கள் செய்ததும் ஒரே சோம்பேறித்தனம்தான்.

அதனால் பி.இ. அதிகம் என்றாலே ஓடு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களும் உண்டு, அவர்களோடு எனக்கு வேறொரு சண்டை பாக்கியிருக்கிறது. இங்கே மறுப்பது, விலையைக் கேட்பதே அறியாமை என்று ஆக்கிவிட்ட மனோபாவத்தை.

"ஒரே ஒரு கம்பெனியை வைத்துப் பேசாதீர்கள்" என்பார்கள். பேசவில்லை, இன்ஃபோசிஸுக்கு வருகிறேன். அதுதானே இந்தக் கட்சியின் குலதெய்வம்? 1993இல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டார்கள். அப்போது வாங்க ஆளில்லை. வெளியீடு முழுதாக நிரம்பாமல், மார்கன் ஸ்டான்லி வந்து அதே 95 ரூபாய்க்கு 13 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அன்று 9,500 ரூபாய் போட்டவர் பிற்பாடு கோடீஸ்வரரான கதையைக் கேட்காத காது தமிழ்நாட்டில் கிடையாது. அதே கம்பெனியின் பங்கை 2000 மார்ச்சில் 13,000 ரூபாய்க்கு வாங்கியவரின் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

அப்போது விலை, லாபத்தைப்போல் 250 மடங்குக்கு மேல். பாருங்கள், நம் தோப்பு மறுபடியும் வந்துவிட்டது. அந்த நிதியாண்டின் லாபம் 290 கோடிக்குச் சற்று மேல். ஆறு ஆண்டு கழித்து, 2005-06இல், 2,400 கோடிக்கு மேல். எட்டு மடங்கு. ஆண்டுக்கு 40 சதவீதத்துக்கும் கூடுதலான வளர்ச்சி, அதுவும் ஆறு ஆண்டுகள் இடைவிடாமல். எந்த முதலீட்டாளரும் கனவில்கூட இதற்குமேல் கேட்க முடியாது. பங்கின் விலை என்ன ஆனது? 2001 செப்டம்பரில் உச்சவிலையில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இடையில் கொடுத்த ஒன்றுக்கு மூன்று போனஸ் பங்குகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், 2000இன் உச்ச விலையை மறுபடி பார்க்க 2006 ஆகிவிட்டது. லாபம் எட்டு மடங்கு, பங்கின் விலை அங்கேயே. அந்த ஆறு ஆண்டின் அபார உழைப்பு மொத்தமும், 2000 மார்ச்சில் முன்கூட்டியே கொடுத்துவிட்ட விலைக்குக் கழிந்தது.

"2006க்குப் பிறகும் வைத்திருந்தால் லாபம்தானே?" லாபம்தான். எதையும் போதுமான காலம் வைத்திருந்தால் லாபம்தான், அஞ்சலகச் சேமிப்புப் பத்திரம் உட்பட. 2000இல் வங்கிகள் ஐந்தாண்டு வைப்புக்கு 10 சதவீதத்தை ஒட்டி வட்டி கொடுத்தன. ஒரு லட்சம் போட்டவர் ஐந்தாண்டில் 1.6 லட்சம் எடுத்துக்கொண்டு போயிருப்பார், தூக்கம் கெடாமல். நீண்டகாலம் என்ற சொல்லை நம்மவர்கள் வெகு இலேசாகப் பயன்படுத்துகிறார்கள். மனிதருக்கு நீண்டகாலம் என்று தனியாக ஒன்று வாய்ப்பதில்லை. மகளின் கல்யாணம், மகனின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் அறுவைச் சிகிச்சை என்று அது துண்டு துண்டாக வெட்டப்பட்டே வந்து சேர்கிறது. விலை ஐந்தில் ஒன்றாகிக் கிடக்கும் நாளில்தான் கட்டணம் கட்டக் கடைசித் தேதி வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 13,000க்கு வாங்கி, 2,500க்கு இறங்கியதைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்த ஒருவரையாவது எனக்குக் காட்டுங்கள். நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் விற்றார்கள், அல்லது வாங்கிய விலைக்கு வந்த அன்று "தப்பித்தேன்" என்று விற்றார்கள். 'வாங்கி மறந்துவிடு' என்பது வலிக்காத விலைக்கு வாங்கியவருக்கு மட்டுமே முடிகிற காரியம். 1993இல் வாங்கியவர் மறக்க முடிந்தது. 2000இல் வாங்கியவருக்குத் தினமும் காலையில் பத்திரிகையின் பங்கு விலைப் பட்டியல் நினைவுபடுத்தியது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமேசான் என்று சொல்லாமல் இந்த விவாதம் முடியாது, ஆகவே அதையும் பார்த்துவிடுவோம். 1999 டிசம்பரில் அதன் பங்கு 100 டாலருக்கு மேல். 2001 இலையுதிர் காலத்தில் 6 டாலருக்குக் கீழே. பழைய உச்சத்தை மறுபடி தொட்டது 2009இன் இறுதியில். அந்தப் பத்தாண்டில் அதன் ஆண்டு விற்பனை 164 கோடி டாலரிலிருந்து 2,450 கோடி டாலராக, பதினைந்து மடங்கு, பெருகியிருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த வளர்ச்சிக் கதை என்று நீங்கள் காட்டும் நிறுவனமே, உச்சத்தில் வாங்கியவருக்குப் பத்து வருடம் வட்டியில்லாக் கடனாகத்தான் இருந்தது. அதன்பின் வாரிக் கொடுத்தது உண்மை. ஆனால் அமேசான் ஒன்றுதான். சிஸ்கோ? 2000 மார்ச்சில் உலகிலேயே மதிப்புமிக்க நிறுவனமாகச் சில நாள் இருந்தது, பங்கு 80 டாலர். அந்த ஆண்டு விற்பனை 1,890 கோடி டாலர். 2024இல் 5,380 கோடி டாலர். இணையத்தின் குழாய்களை அமைக்கப் போவது சிஸ்கோதான் என்ற கதை அப்படியே பலித்தது. 2024 முடியும்போது பங்கு 60 டாலரைக்கூட எட்டவில்லை.

மென்பொருள், இணையம் எல்லாம் அப்படித்தான், சோப்பும் பற்பசையும் விற்கிறவன் பத்திரமானவன் என்று சிலர் ஒதுங்குவார்கள். இந்துஸ்தான் லீவர் பங்கை 2000இன் தொடக்கத்தில் வாங்கியவர் 2010 வரை அதே விலையையே சுற்றிச் சுற்றி வந்தார். அந்தப் பத்து வருடமும் நாம் யாரும் குளிக்காமல் இருந்துவிடவில்லை.

இதுவரை நான் காட்டியவை அத்தனையும் பிழைத்து, வளர்ந்து, பெயர் வாங்கிய நிறுவனங்கள். அதிலும் ஒரு பெரிய சலுகை இருக்கிறது. 2000இல் சந்தை தலையில் வைத்துக் கொண்டாடியவை இன்ஃபோசிஸும் விப்ரோவும் மட்டுமா? நம் சென்னையிலேயே பென்டாமீடியா கிராபிக்ஸ், டி.எஸ்.க்யூ. சாஃப்ட்வேர், எஸ்.எஸ்.ஐ. என்று இருந்தன. பங்குத் தரகர் கேதன் பாரேக்கின் கைக்கு உகந்தவை என்று சந்தை பட்டியல் போட்டு வைத்திருந்த 'கே-10' பங்குகளில் மூன்றுமே உண்டு. அன்றைக்கு அவற்றைப் பற்றியும் இதே சொற்களைத்தான் சொன்னார்கள்: வேகமான வளர்ச்சி, புதிய யுகம், பழைய அளவுகோல் செல்லாது. அந்தக் காலத்தில் நானும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம். சான்றிதழ் காகிதமாகவே இருந்தது, இன்னும் பீரோவில் இருக்கிறது, அழகான அச்சு. இருபத்தைந்து ஆண்டு கழித்து நின்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தி, "பார்த்தாயா, விலை முக்கியமே இல்லை" என்பது, போருக்குப் போய்த் திரும்பியவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் போரில் யாரும் சாகவில்லை என்பது போல.

பி.இ. என்பதே காலாவதியான கருவி என்று ஒரு வாதம் இருக்கிறது. இதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்பு, சர்க்கரை, சிமென்ட் போன்ற தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. மலிவாகத் தெரியும், அதுதான் விற்க வேண்டிய நேரமாக இருக்கும். வருமானத்தையெல்லாம் விரிவாக்கத்திலேயே கொட்டும் நிறுவனத்தில் லாபம் சிறுத்துத் தெரியும், பி.இ. ஆகாயத்தில் நிற்கும். சரி, பி.இ.யை மறந்துவிடுங்கள். விற்பனையை எடுங்கள், கையில் வரும் ரொக்கத்தை எடுங்கள், கடைகளின் எண்ணிக்கையை எடுங்கள். எந்தப் படியால் வேண்டுமானாலும் அளங்கள், ஆனால் அளந்துவிட்டு வாங்குங்கள். படி சரியில்லை என்று சொல்லிவிட்டு அளக்காமலே நெல்லை வாங்குகிறார்கள், அங்கேதான் இடிக்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் தலைவராக இருந்த ஸ்காட் மெக்னீலி, குமிழி உடைந்தபின் தன் கம்பெனியின் பங்குதாரர்களைப் பார்த்து இதைத்தான் கேட்டார். பங்கு 64 டாலரில் இருந்தபோது விற்பனையைப்போல் பத்து மடங்கு விலை. அந்தப் பணம் பத்தாண்டில் திரும்பி வர வேண்டுமானால், விற்ற காசு முழுவதையும் டிவிடெண்டாகக் கொடுக்க வேண்டும், அதாவது சரக்குக்குச் செலவில்லாமல், ஆட்களுக்குச் சம்பளம் இல்லாமல், வரி கட்டாமல். என்னதான் நினைத்து வாங்கினீர்கள் என்று கேட்டார். கேட்டது காலம் கடந்து. 2010இல் அந்தக் கம்பெனியை ஆரக்கிள் விழுங்கியது.

பிறகு கடைசி வாதம், எல்லாவற்றிலும் வலுவானது: "ஏறிக்கொண்டே இருக்கிறதே!" சந்தையே சொல்லும்போது நீ யார் சொல்ல என்று அர்த்தம். டிமார்ட் போன்ற நிறுவனங்களில் முக்கால்வாசிப் பங்கு நிறுவனர் குடும்பத்தின் கையில் அசையாமல் கிடக்கிறது. மீதியிலும் பெரும்பகுதி நிதியங்களிடம். எஞ்சிய கொஞ்சத்தை வைத்துத்தான் தினசரி விலை தீர்மானமாகிறது. தெருவில் ஒரே ஒரு மனை விற்பனைக்கு வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் அதைக் கேட்ட விலைக்கு வாங்கிவிட்டால், தெருவில் இருக்கும் எல்லா வீட்டுக்காரர்களும் தாங்கள் கோடீஸ்வரர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். அந்த விலைக்கு அடுத்த பத்து வீடும் விற்குமா என்று யாரும் பரிசோதித்ததில்லை.

ஏறும் விலையைப் பார்த்துக் கதையை நம்புகிறோம், கதையை நம்பி வாங்குகிறோம், வாங்குவதால் விலை ஏறுகிறது. இந்தச் செக்கில் யார் காளை, யார் எண்ணெய் எடுக்கிறவர் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 'தரமான நிறுவனம், என்ன விலையானாலும்' என்று தொலைக்காட்சியில் சொல்கிறவர்களில் பலர் அந்தப் பங்கை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள். அதில் தவறில்லை. மாம்பழ வியாபாரி மாம்பழம் புளிக்கும் என்றா சொல்வார்?

இதில் ஒரு வேடிக்கை, தமானியே இந்தக் கட்சியைச் சேர்ந்தவர் இல்லை என்பது. கடை திறப்பதற்கு முன் அவர் பங்குச் சந்தைக்காரர். 1992இல் ஹர்ஷத் மேத்தா பங்குகளை வானத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, இந்த விலை நிற்காது என்று எதிர்ப்பக்கம் நின்றவர்களில் அவரும் ஒருவர். விலை பார்க்கத் தெரிந்த மனிதர் கட்டிய கடை, விலை பார்க்கிற வாடிக்கையாளர்களால் வளர்ந்து, கடைசியில் விலை பார்க்க மறுக்கிறவர்களின் கொடியாகிவிட்டது.

அளவுக்கு மீறிய விலையின் இன்னொரு கேடு, அதில் தப்புக்கு இடமே இல்லாமல் போய்விடுவது. 2021இல் பத்து நிமிடத்தில் பாலும் தயிரும் வாசலுக்கு வரும் என்று எவரும் அவ்வளவாகக் கணக்கில் எடுக்கவில்லை. 2024க்குள் பிளிங்கிட்டும் செப்டோவும் பெருநகரங்களில் டிமார்ட்டின் வாடிக்கையாளர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டன. அந்த அக்டோபரில் காலாண்டுக் கணக்கு வெளியானதும் பங்கு ஒரே நாளில் எட்டு சதவீதத்துக்கு மேல் சரிந்தது. லாபம் குறையவில்லை, எதிர்பார்த்த வேகத்தில் கூடவில்லை, அவ்வளவுதான். 30 மடங்கு விலையில் வாங்கிய பங்கு இப்படி ஒரு சறுக்கலைத் தாங்கிக்கொள்ளும். 250 மடங்கில் வாங்கியதற்கு எல்லாம் நினைத்தபடியே நடந்தால்கூடப் போதாது, நினைத்ததைவிட நன்றாக நடக்க வேண்டும்.

அடுத்த முறை யாராவது "வேகமா வளர்ற கம்பெனி சார், விலையைப் பார்க்காதீங்க" என்றால், அவரோடு வாதாடாதீர்கள். ஒரு தாளை நீட்டுங்கள். இன்றைய மொத்த மதிப்பை எழுதி, 3.1ஆல் பெருக்கி, 30ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 30 கஞ்சத்தனம் என்று அவர் முறையிட்டால் 40 வைத்துக்கொள்ளட்டும். பத்தாண்டு கழித்து வர வேண்டிய லாபம் வந்துவிடும். பிறகு அதை அந்தத் தொழிலின் மொழிக்கு மாற்றச் சொல்லுங்கள்: எத்தனை கடை, எத்தனை ஸ்கூட்டர், எத்தனை சாப்பாட்டுப் பொட்டலம், எத்தனை கடன்கார வாடிக்கையாளர். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் உங்களுக்கு நம்பும்படி இருந்தால் தாராளமாக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. 640 ரூபாய் விஷயத்தில் ஒருமுறை குறுக்கே நின்றதற்கே கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.